மலையகத் தோட்டங்களிற் பேறுகாலத் துணை: ஒரு வரலாற்று நோக்கு

திரிசிரபுரத்து மலைக்கோயிலில் எழுந்தருளியிருக்கும் இறைவனுக்குத் தாயுமானவர் என்னும் திருநாமம் வந்த வரலாற்றைச் சைவ மக்கள் நன்கறிவர். பேறுகாலம் நெருங்கிய இரத்தினாவதி என்னும் வணிகர்குலப் பெண்ணுக்குத் துணையிருத்தற்பொருட்டுப் பூம்புகாரிலிருந்து புறப்பட்ட அவள் தாய், காவிரி பெருக்கெடுத்தமையால் மறுகரையிலே தங்கிவிட நேர்ந்தது. தனித்து வருந்திய பெண்ணுக்கு இரங்கிய இறைவன் அத்தாயின் வடிவுகொண்டு வந்து பேறு பார்த்தான். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்தபோது அவ்வீட்டில் ஓருருக் கொண்ட தாயர் இருவர் நின்றனர் என்பது தலபுராணச் செய்தி. இப்புராணத்தினுள்ளே ஒரு சமூக உண்மையும் பொதிந்து கிடக்கின்றது. பிள்ளை பெறும் பெண்ணுக்கு முதற்றுணை அவளைப் பெற்ற தாய். அவள் வரமுடியாதபோது அவ்விடத்தை நிரப்புதற்கு வேறு மானிடர் போதார் என்றே நம் முன்னோர் எண்ணினர்.

19ஆம் நூற்றாண்டிலே திருச்சிராப்பள்ளி, சேலம், புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், தஞ்சாவூர் ஆகிய பகுதிகளிலிருந்து இலங்கையின் மலைநாட்டுக்கு வந்த மக்கள் கடந்தது காவிரியை அன்று; கடலை. அட்டனிலும் டிக்கோயாவிலும் பொகவந்தலாவையிலும் அவர்தம் பெண்மக்கள் பிள்ளை பெற்றபோது தாயின் இடத்தில் நின்றவர் யாவர்? மலையக வரலாற்றை ஆராய்ந்தோர் கூலியையும் கங்காணி முறையையும் வாக்குரிமையையும் குடியுரிமையையும் பற்றி விரிவாக எழுதியுள்ளனர். பிள்ளை பிறந்த முதல் நாற்பது நாள்களில் அம்மக்களின் வீட்டினுள்ளே நிகழ்ந்தவற்றை எழுதியோர் மிகச் சிலரே. ஆயினும் அவ்வரலாறு முற்றாக மறைந்துவிடவில்லை. கட்டளைச் சட்டங்களின் பிரிவுகளிலும், முகவர்களின் அறிக்கைகளிலும், தோட்டத்து மக்களின் வழக்குச் சொற்களிலும் அது சிதறிக் கிடக்கின்றது.

அவர்கள் விட்டுவந்த ஏற்பாடு எத்தகையது என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். ஈன்ற பொழுதின் அண்மையைக் குறித்தற்குப் 'புனிறு' என்று ஒரு தனிச்சொல்லைத் தமிழர் வைத்திருந்தனர். தொல்காப்பியர் அதனை உரிச்சொல்லுள் அடக்கிப் பொருள் கூறினார். அந்நிலைக்குத் தனிப்பெயர் வேண்டுமென்று கருதிய மக்கள் அதற்கெனத் தனி ஒழுங்கும் வகுத்திருந்தனர். தலைப்பிள்ளைக்குப் பெண் தாய்வீடு செல்வாள். ஊர் மருத்துவச்சி பேறு பார்ப்பாள். பின்னர்ப் பல நாள் வந்து தாயையும் சேயையும் நீராட்டுவாள். மிளகு, சுக்கு, பெருங்காயம், உள்ளி முதலியன சேர்த்து இடித்த காயமும் பத்தியக் கறியும் கொடுக்கப்படும். தாய்மாமன் சீர் கொண்டு வருவான். யாழ்ப்பாணத்தில் 31ஆம் நாள் துடக்குக் கழியும்வரை தாய் அடுக்களைக்குள்ளும் கிணற்றடிக்கும் செல்வதில்லை என்பதை முதியோர் இன்றும் நினைவுகூர்வர். தீட்டு என்னும் எண்ணத்தைக் கற்றோர் இகழ்தல் இயல்பே. ஆனால் வேறெந்த வகையாலும் ஓய்வு பெறமுடியாத ஏழைப் பெண்ணுக்கு ஒரு மாத ஓய்வை வாங்கிக்கொடுத்தது அத்தீட்டே என்பதையும் மறத்தலாகாது. மாமியார் எத்துணைக் கடுமையுடையவளாயினும் தீட்டுக்காரியைத் தண்ணீர் அள்ளச் சொல்லுதல் இயலாது.

கோப்பிக் காலத்தில் இவ்வொழுங்கு பெரிதும் குலையவில்லை. 1820களில் கம்பளைப் பகுதியில் தொடங்கிய கோப்பிச் செய்கைக்குப் பழம் பறிக்கும் பருவத்திலேதான் மிகுந்த ஆள்கள் வேண்டியிருந்தனர். வந்தோருட் பெரும்பாலோர் ஆடவர். மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைவரை நூறு மைலுக்கு மேல் நடந்து, பருவம் முடிந்ததும் ஊர் மீண்டனர். காய்ச்சலாலும் பேதியாலும் அவ்வழியில் மாண்டோர் பலர். பிள்ளை பெறுதல் ஊரிலே நிகழ்ந்தது. தந்தை மட்டுமே கடலுக்கப்பால் இருந்தான்.

1869இல் இலைநோய் கோப்பியைத் தாக்கியது. அதற்கு இரண்டாண்டு முன்னரே, 1867இல், ஜேம்ஸ் டெயிலர் என்பார் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்டிருந்தார். கோப்பி அழிந்த மலைகளையெல்லாம் தேயிலை மூடியது. தேயிலைக்குப் பருவம் என்பதில்லை; ஆண்டு முழுவதும் கொழுந்து எடுத்தல் வேண்டும். அவ்வேலைக்குப் பெண்களின் கைகளையே துரைமார் விரும்பினர். ஆகவே கங்காணிமார் குடும்பங்களாக ஆள்கட்டி வரலாயினர். பயிர் மாறியதனால் தொட்டில் கட்டும் இடமும் மாறிற்று எனலாம். தாய்வீடு தமிழ்நாட்டிலும் பேறுகாலம் இலங்கை மலையிலுமாக, இடையிலே கடல் கிடந்தது.

தோட்டத்தில் அவர்களுக்குக் கிடைத்த வீடு லயத்தின் ஒரு காம்பிரா. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பது அதன் பொதுவான அளவு. அடுப்பும் படுக்கையும் அதனுள்ளேயே. அட்டன் கடல்மட்டத்திலிருந்து 4,000 அடிக்கு மேலும் நுவரெலியா 6,000 அடிக்கு மேலும் உயர்ந்தவை. மார்கழி, தை மாதங்களின் குளிரும், தென்மேற்குப் பருவத்து ஓயா மழையும் பச்சிளங் குழந்தைக்குப் பகை. குளிருக்கஞ்சிக் கதவை அடைத்தால் விறகுப் புகை கண்ணையும் நெஞ்சையும் வருத்தும். பேறு நேரத்தில் ஆடவர் இஸ்தோப்புக்கு வந்துவிடுவர். உள்ளே பெண்கள் கூடுவர்.

அப்பெண்களே முதல் விடையாவர். ஒரே கங்காணியின் கீழ் ஓரூரிலிருந்து வந்தவர்கள், பெரும்பாலும் உறவினர், அடுத்தடுத்த காம்பிராக்களில் குடியிருந்தனர். கூரைக்குக் கீழே முழுதும் எழும்பாத இடைச்சுவர் ஒருவருடைய நோவை மற்றவருக்கு அறிவித்தது. அழைக்காமலே அண்டையார் வந்தனர். கொழுந்தெடுக்கும் வலி குன்றிய கிழவிகளுள் கைராசிக்காரி என்று பெயர் பெற்றவள் அத்தோட்டத்து மருத்துவச்சி ஆனாள். ஊரிலே சில குடும்பங்களுக்குரிய தொழிலாக இருந்த இது, தோட்டத்திலே பழக்கத்தாலும் துணிவாலும் வந்த தகுதியாயிற்று. தாய்வீடு என்பதும் காலத்தால் புதிய உருப் பெற்றது. இரண்டாந் தலைமுறையில் அயல் தோட்டத்திலோ, அதே தோட்டத்தின் மேல்கணக்கிலோ கீழ்க்கணக்கிலோ பெண் கொடுத்துப் பெண் எடுத்தனர். அப்போது 'தாய்வீட்டுக்குப் போதல்' என்பது ஒரு மலையைத் தாண்டிச் செல்லுதலாகச் சுருங்கிற்று. கடல் கடந்தமையால் அறுந்த உறவுக் கயிற்றை லயத்துக்குள்ளேயே அம்மக்கள் திரும்ப முறுக்கிக்கொண்டனர் என்பது சிறுசெயலன்று.

எனினும் இத்துணைக்கு ஒரு விலை இருந்தது; கிராமத்தில் அவ்விலை இல்லை. தோட்டத்து மொழியில் ஒருநாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். காலையிற் பெரட்டுக்களத்திற்குச் சென்று பேர் பதிந்தாலன்றிக் கூலியில்லை. பிள்ளை பெற்றவளுக்குப் பேரில்லை. அவளுக்குத் துணையாக வீட்டில் நின்ற தாய்க்கும் மாமிக்கும் அன்று பேரில்லை. சுக்குக்கும் மிளகுக்கும் கருப்பட்டிக்கும் காசு வேண்டும். அக்காசு கங்காணியிடமே கிடைக்கும். அது கடனேட்டில் ஏறும். 1921இல் துண்டு முறை ஒழிக்கப்படும்வரை, அக்கடன் தீராமல் ஒருவன் தோட்டம் மாறுதல் அரிது. குழந்தை பிறந்த மகிழ்ச்சியிலும் ஒரு கடன்சீட்டு ஒட்டியிருந்தது. ஆகவே ஓய்வெடுக்கவேண்டிய நாளில் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்குப் போன பெண்களைப் பார்த்து அவர்கள் வழக்கம் மறந்தவர்கள் என்று கூறுதல் பொருந்தாது. வழக்கத்தைக் காத்தற்கு வேண்டிய காசு அவர்களிடம் இருக்கவில்லை.

அரசாங்கம் இதிற் புகுந்தது அன்பினால் மட்டும் என்று கொள்ளவியலாது. தொழிலாளர் நோயால் மடிதல் தோட்டங்களுக்கே நட்டமாயிற்று. இந்திய அரசாங்கமும் கேள்வி எழுப்பியது. 1872இல் தோட்டத் தொழிலாளருக்கு மருத்துவ உதவி வழங்குதற்கான கட்டளைச் சட்டம் முதன்முதலாக நிறைவேறிற்று. பல திருத்தங்களின்பின் 1912ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் வந்தது. தோட்டத்திற் பிள்ளை பெற்ற தொழிலாளிப் பெண்ணுக்கு ஒரு மாதகாலம் போதிய உணவும் உறையுளும் கொடுத்தலும், மருத்துவ உத்தியோகத்தர் தகுதியென்று சான்று தந்தாலன்றி அக்காலத்தில் அவளை வேலைக்கு அழையாது விடுதலும், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள் தக்க பராமரிப்பும் ஊட்டமும் பெறுமாறு நோக்குதலும் தோட்டத்துரையின் கடமைகளென்று அது விதித்தது. தாயின் வேலையைச் செய்யுமாறு துரைக்குக் கட்டளையிட்ட இச்சட்டத்தைப் படிக்கும்போது திரிசிராமலைக் கதை நினைவுக்கு வராமற் போகாது. ஆனால் இங்கு வந்த தாயுமானவர் கணக்குப் புத்தகத்தோடு வந்தார்.

அக்கால உலக நிலையோடு ஒப்பிட்டால் இச்சட்டம் முந்தியது என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். 1919இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேசத் தொழில் மாநாடு பேற்றுக்கு முன் ஆறு வாரமும் பின் ஆறு வாரமும் ஓய்வு என வகுத்த மூன்றாவது சமவாயம், கைத்தொழிலுக்கும் வாணிகத்துக்குமே உரியதாயிருந்தது. வயலிலும் தோட்டத்திலும் உழைத்த பெண்களை அது தழுவவில்லை. 1952ஆம் ஆண்டின் சமவாயமே விவசாயத்தையும் உள்ளடக்கியது. ஆயினும் 1912இன் சட்டம் தந்தது சோறும் கூரையுமே, கூலி அன்று. கூரையோ ஏற்கெனவே இருந்த அதே காம்பிரா. நடைமுறையில் பல தோட்டங்கள் சில கொத்து அரிசியையும் சிறிது காசையும் கொடுத்துக் கடமையை முடித்தன. அரிசி வீட்டுக்கு வந்தபின் அதனைத் தாய் ஒருத்தியே உண்ணுதல் எங்கே நடக்கும்? பானையில் இட்ட அரிசி குடும்பம் முழுவதற்கும் சோறாயிற்று.

1922ஆம் ஆண்டின் இந்தியக் குடியகல்வுச் சட்டத்தின்பின் இந்திய அரசாங்கத்தின் முகவர் ஒருவர் கண்டியில் அமர்ந்து ஆண்டுதோறும் அறிக்கை விடுத்தார். பேறுகால உதவி, பிள்ளை மடுவங்கள், சிசு மரணம் என்பன அவ்வறிக்கைகளில் இடம்பெறலாயின. 1927இல் குறைந்தபட்சக் கூலிக் கட்டளைச் சட்டம் வந்தது. அதன்படி மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் சிறுவருக்கு 32 சதமும் நாட்கூலியாயின. பெண்ணின் வேலைக்கு அளந்த விலை இது. பெண்ணுக்கும் ஆணுக்கும் கூலி சமமானது 1984ஆம் ஆண்டிலேதான். சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1919இல் தொழிலாளர் நலன் பேணும் கழகம் கண்டதும், கோ. நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளருக்கெனச் சங்கம் அமைத்ததும், அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மை லயந்தோறும் மக்களிடையே பாடிச் சென்றதும் இக்காலத்துக்குரியன. பம்பாய் மாகாணம் 1929இல் பேறுகாலச் சகாயச் சட்டம் செய்ததும் இலங்கையில் எதிரொலித்தது. ஈற்றில் 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கப் பேறுகால நன்மைகள் கட்டளைச் சட்டம் அரசாங்க சபையில் நிறைவேறிற்று. பிள்ளை பெற்றவளுக்குச் சோறன்றிக் காசும் உரிமையென முதன்முதல் ஏற்கப்பட்டது அப்போதுதான்.

இச்சட்டத்தில் தோட்டங்களுக்கெனத் தனியே ஒரு வழி திறந்துவைக்கப்பட்டிருந்தது. பேற்று விடுதி, மருத்துவச்சி, உணவு ஆகியவற்றைத் தோட்டமே கொடுக்குமாயின், அதற்கு 'மாற்று நன்மைகள்' என்று பெயர். அவ்வாறு கொடுக்கும் தோட்டம் பெண்ணுக்குரிய காசில் ஏழில் நான்கு பங்கு மட்டும் கொடுத்தாற் போதும். எஞ்சிய மூன்று பங்கு விடுதிக்கும் மருத்துவச்சிக்கும் உணவுக்கும் கழிந்தது. இவ்வேற்பாட்டினால் தோட்டத்துப் பெண் பெற்றது மிகுதியா, இழந்தது மிகுதியா என்பது ஆராயத்தக்கது. நகரத்துத் தொழிற்சாலைப் பெண்ணுக்கு முழுக்காசும் கையில் வந்தது. அவள் அரசாங்க வைத்தியசாலையில் இலவசமாகப் பிள்ளை பெற்றாள். கிராமத்துப் பெண்ணோ காசு பெறாவிடினும் அரசாங்க மருத்துவச்சியின் உதவியை இலவசமாகப் பெற்றாள். தோட்டத்துப் பெண் ஒருத்தியே அதனைத் தன் பேறுகாலக் காசிலிருந்து வாங்க நேர்ந்தது. இது நீதியன்று. எனினும் விடுதி வந்தமையால் உயிர்கள் பிழைத்தன என்பதையும் மறுத்தலாகாது. நாபிக்கொடி அரிந்த கத்தியின் அழுக்கினால் வரும் ஏற்புவலியும், பேற்றுக் காய்ச்சலும் பயிற்சிபெற்ற மருத்துவச்சியின் கைச்சுத்தத்தினால் குறைந்தன.

விடுதியை மக்கள் உடனே விரும்பினர் என்றல் பொய். அங்கே காயமில்லை, பூண்டுக் குழம்பில்லை, தலைமாட்டில் இருப்பதற்குத் தாயில்லை. மற்றப் பிள்ளைகளைக் காம்பிராவில் விட்டுவிட்டுத் தான் மட்டும் இரும்புக் கட்டிலில் கிடத்தல் பலருக்கு மனங்கொள்ளாத செயலாயிற்று. பலர் வலி முற்றும்வரை மறைத்திருந்து வீட்டிலேயே பெற்றபின் டிஸ்பென்சரிக்கு ஆளனுப்பினர். உடலைக் காப்பதற்கு விடுதியும் உள்ளத்தைக் காப்பதற்கு லயமும் என இரண்டு இடங்கள் பிரிந்து நின்றன. இரண்டையும் ஓரிடத்தில் வைக்கும் எண்ணம் அக்காலத்து எவருக்கும் தோன்றவில்லை.

தீவின் ஏனைய பகுதிகளில் நடந்ததையும் இங்கு ஒப்பு நோக்குதல் தகும். கொழும்பில் 1879இல் தொடங்கிய டி சொய்சா பேற்று மருத்துவமனை தாதியரையும் மருத்துவச்சிகளையும் பயிற்றும் இடமாயிற்று. 1926இல் களுத்துறையில் சுகாதாரப் பிரிவு நிறுவப்பட்டு, மருத்துவச்சி வீடுதேடிச் செல்லும் முறை வேரூன்றியது. நாடு முழுவதற்குமான சிசு மரண வீதம், மலேரியா பரவிய 1935இல் ஆயிரத்துக்கு 263 ஆக உயர்ந்திருந்தது. 1947இல் 101 ஆக வீழ்ந்தது. உயர்ந்த மலைத் தோட்டங்களை மலேரியா பெரிதும் தொடவில்லை. அங்குக் குழந்தைகளைக் கொன்றவை குளிரும் நெஞ்சுநோயும் தாயின் மெலிவும். நுளம்பை ஒழித்தமையால் இவை ஒழியவில்லை. அரசாங்க மருத்துவச்சியின் வட்டாரம் தோட்ட எல்லையில் நின்றுவிட்டது. உள்ளே துரையின் ஆட்சி. ஒரே தீவில் பிறந்த குழந்தைகளுக்கு இருவேறு ஏற்பாடுகள் அரை நூற்றாண்டுக்கு மேல் நிலவின.

மாதம் முடிந்து தாய் மலைக்கேறியபின் குழந்தையைத் தாங்கியது பிள்ளை மடுவம். நீண்டதொரு கொட்டகை, விட்டத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள், பார்த்துக்கொள்ள ஓர் ஆயம்மா. பல தோட்டங்களில் கைப்பிள்ளைக்காரிகள் மற்றவருக்கு முன்னரே மலையிலிருந்து இறங்கி வந்து பால் கொடுத்துச் செல்லும் வழக்கம் இருந்தது. பின்வந்த சட்டத் திருத்தங்கள் இவ்வழக்கத்தை உரிமையாக்கின. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையுடைய தாய்க்கு நாளொன்றுக்கு இருமுறை, மடுவம் உள்ள இடத்தில் அரைமணி வீதமும் இல்லாத இடத்தில் ஒருமணி வீதமும் இடைவேளை கொடுக்கப்படல் வேண்டும் என்பது விதி. விதி எழுதியவர் மலையின் சரிவைக் கண்டிருப்பாரோ என்பது ஐயம். மேல்மலையிலிருந்து மடுவத்துக்கு இறங்குவதற்கே கால்மணி கழிந்துவிட்டால், அரைமணியில் பால்குடிக்கு எஞ்சுவது யாது?

தந்தையின் நிலையைச் சட்டங்கள் நினைக்கவில்லை. வரலாற்று நூல்களும் நினைக்கவில்லை. அவன் செய்தவை பல. விறகு பிளந்தான், பீலியிலிருந்து தண்ணீர் சுமந்தான், இரவில் தீப்பந்தத்தோடு அடுத்த தோட்டத்துக்கு ஓடி மாமியாரை அழைத்து வந்தான், டிஸ்பென்சரியில் சீட்டு வாங்கிக் காரியாலயத்தில் கொடுத்தான், கடையிற் கடன் சொல்லிச் சரக்கு வாங்கினான். ஆனால் காசு கைமாறிய இடத்தில் வேறொரு முகம் தோன்றும். மனைவியின் கூலியையும் கணவனே பெற்றுக்கொள்ளும் வழக்கம் தோட்டங்களில் பரவியிருந்ததை, ராச்சேல் குரியன் சர்வதேசத் தொழில் தாபனத்துக்காக எழுதி 1982இல் வெளிவந்த ஆய்வு எடுத்துக்காட்டுகின்றது. தாயின் பெயரால் வந்த பேறுகாலக் காசு தாயின் கைக்கு வந்ததா என்னும் கேள்வியை எழுப்பாமல் சட்டத்தின் நன்மையை அளவிடல் இயலாது.

தந்தை காரியாலயத்தில் கொடுத்த அச்சீட்டுக்கு எவரும் எதிர்பாராத கனம் பின்னர் ஏறிற்று. 1939 ஆகஸ்டு 1ஆம் நாள் முதல் இந்திய அரசாங்கம் தொழிலாளர் இலங்கை வருதலைத் தடுத்தது. ஊர்போய் மீள எண்ணியோர்க்கும் அத்தடை இடராயிற்று. பேறுகால நன்மைச் சட்டம் பிறந்த அதே ஆண்டில் ஊரிலிருந்து தாய் வரும் வழியும் அடைபட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அடுத்த அடி. அச்சட்டம் நடைமுறைக்கு வருமுன் இலங்கையிற் பிறந்த ஒருவன் வழிவழிக் குடிமகனாதற்கு அவன் தந்தை இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்திருத்தல் வேண்டும். பின்பு பிறந்த குழந்தையின் குடியுரிமை தந்தையின் குடியுரிமையைப் பொறுத்தது. பத்து மாதம் சுமந்து காம்பிராவில் வலிபொறுத்தவளின் பிறப்பிடம் எதற்கும் சான்றாகவில்லை. லயத்துக் கிழவியின் கையில் பிறந்து பதிவேறாமற் போனோரும், தமிழறியாத எழுதுவினைஞர் கையில் பெயர் உருமாறிப் பதிவானோரும் தம் பிறப்பை நிலைநாட்டமாட்டாது தவித்தனர். தோட்டத்து மொழியில் 'பேர்' என்பது கூலியையும் குறிக்கும், பெயரையும் குறிக்கும். இரண்டும் ஏட்டில் ஏறினாலன்றிப் பயனில்லை.

1964 ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டின் ஒப்பந்தம் இரண்டாகப் பகுத்தது. இவ்விலக்கங்களுள் மறைந்துகிடக்கும் குடும்பச் செய்தி ஒன்றுண்டு. தாய்க்கு இந்தியக் கடவுச்சீட்டு, மகளுக்கு இலங்கைப் பிரசைப் பதிவு என்னும் நிலை பல லயங்களில் நேர்ந்தது. மூன்று தலைமுறையாக முறுக்கிச் சேர்த்த கயிறு தலைமன்னார்த் துறையில் மீண்டும் அறுந்தது. மகளின் பேற்றுக்கு மலைதாண்டி வந்த தாய், நீலகிரியிலோ மண்டபத்திலோ இருந்து கடிதம் எழுதுபவளானாள். 1977இலும் 1983இலும் வன்செயலுக்கஞ்சி வன்னிக்குச் சென்ற குடும்பங்களும் இவ்வாறே தம் முதியோரைப் பிரிந்தன.

அவ்வொப்பந்தக் காலத்திலேயே பஞ்சமும் வந்தது. 1973, 1974ஆம் ஆண்டுகளில் பங்கீட்டு உணவு குறைந்து மாவின் விலை ஏறியபோது, சொந்த நிலமின்மையால் மரவள்ளியும் நட்டுண்ண வழியற்றிருந்த தோட்டத்து மக்கள் பிறரினும் மிகுதியாக வாடினர். 1974இல் தோட்டப்புறத்துச் சிசு மரணம் ஆயிரத்துக்கு 100ஐயும் கடந்தது. நாட்டின் சராசரி அதன் பாதியளவினதே. பாலூட்டும் தாயின் பட்டினியை அவ்விலக்கம் கூறுகின்றது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் திரிபோஷா மாவு வழங்குதல் 1973இல் தொடங்கியமையும், 1975இல் தோட்டங்கள் அரசுடைமையானபின் மெல்ல மெல்லச் சுகாதாரப் பணிகள் உள்நுழைந்தமையும் நிலையைத் திருத்தின. மடுவங்கள் பிள்ளை விருத்தி நிலையங்கள் எனப் பெயர் மாறின. 1992இல் தோட்டங்கள் மீண்டும் கம்பனிகளின் கைக்குச் சென்றன. 1990களில் தோட்ட வைத்தியசாலைகள் சிலவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றது. டிக்கோயாவில் இந்திய உதவியால் எழுந்த 150 கட்டில் வைத்தியசாலை 2017இல் திறக்கப்பட்டது. வீட்டிற் பிள்ளை பெறுதல் இப்போது அருகிவிட்டது.

1985ஆம் ஆண்டின் திருத்தம் முதலிரு பேறுகளுக்கு 84 நாளும், மூன்றாவதற்கும் அதற்குப் பிந்தியவற்றுக்கும் 42 நாளும் விடுமுறை என வகுத்தது. மூன்றாம் பிள்ளைக்காரியின் உடல் பாதி நேரத்தில் தேறிவிடும் என்று எந்த மருத்துவ நூலும் கூறவில்லை. அது குடும்பக் கட்டுப்பாட்டுக் கொள்கையின் வேலை. பேற்றுக்கென வந்த பெண்களைக் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு இணக்கியமை பற்றி அக்காலத்து எழுந்த முறைப்பாடுகளையும் இதனோடு சேர்த்தே நோக்கல் வேண்டும். 2018ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் இவ்வேற்றுமையை நீக்கி எல்லாப் பேற்றுக்கும் 84 நாள் என்றாக்கியது.

உள்ளத்தின் நோவு ஏடுகளில் இடம்பெற்றது மிகப் பிந்தியே. பிள்ளை பெற்றபின் பிதற்றுபவளுக்குச் சன்னி என்றும், பேசாது சுவரை நோக்கிக் கிடப்பவளுக்குக் காற்றுக்கறுப்பு என்றும் லயத்தார் பெயரிட்டனர். பெயர் எதுவாயினும் அவளைத் தனியே விடலாகாது என்பதை அறிந்திருந்தனர். விபூதி போட்டவர் சென்றபின்னும் அண்டைப் பெண்கள் முறைவைத்து அருகிருந்தனர். எடின்பரோவில் 1987இல் ஆக்கப்பட்ட பத்து வினாக்கள் கொண்ட அளவுகோல் இந்நோவை அறிதற்கு இன்று உலகெங்கும் பயன்படுகின்றது; தமிழிலும் அது உண்டு. ஆனால் வினாவைக் கேட்பவர் தாயின் மொழியை அறிந்திருத்தல் வேண்டும். தோட்டப் பகுதிகளில் தமிழறிந்த குடும்பநல உத்தியோகத்தர் போதாமை நெடுங்காலக் குறை. உறக்கம் வருகிறதா, அழுகை வருகிறதா என்பதைச் சைகையால் கேட்டறிதல் எங்ஙனம்?

84 நாள் முடிந்த மறுநாட் காலை, தாய் கூடையோடு பெரட்டுக்களத்தில் நிற்கின்றாள். குழந்தை நிலையத்திற் சேர்க்கும் வயதை எட்டாதிருப்பின், அல்லது காய்ச்சலாய்க் கிடப்பின், அதன் பாட்டியோ பெரியம்மாவோ அன்று தன் பேரை இழந்து காம்பிராவில் தங்குகின்றாள். 1872 முதல் 2018 வரை இங்கு எடுத்துக் கூறிய சட்டங்களுள் அவளைப் பற்றிய பிரிவு ஒன்றும் இல்லை.